கை தூக்குவதற்கு முன் ஒரு டீ

டீ குடித்த பிறகுதான் கை தூக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். யார் என்ன சொன்னாலும், கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும், மனசு குளிர்ந்து போனாலும், ஒரு டீ நேரம் அதை மென்று பார்த்துவிட்டுத்தான் ஓட்டு. அந்த வழக்கம் வேண்டுமென்று அன்றைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வாதாடியவளே தவமணிதான். முதலாளி ஒரு தீபாவளிக்குப் பிறகு பூட்டிவிட்டுப் போன பனியன் கம்பெனியை, வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, லேபர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து, கடைசியில் வேலை செய்தவர்களே சங்கமாகச் சேர்ந்து எடுத்து நடத்தத் தொடங்கிய புதிது அது. காலையில் ரேடியோ கூடாதென்று கை தூக்கினார்கள், மத்தியானம் வேண்டுமென்று கை தூக்கினார்கள், சாயங்காலம் யாரோ ரேடியோவையே கீழே போட்டு உடைத்தார்கள். 'ஆத்திரத்துல தூக்கற கை நம்ம கையில்லீங்க, ஆத்திரத்தோட கை' என்று அன்றைக்குத் தவமணி எழுந்து பேசியதைக் கேட்டு எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கே அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. இப்போது கட்டிங் ஹாலின் தரையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மெஷின்கள் நின்றுவிட்டன, ஆனால் நின்ற பிறகும் காதுக்குள் அவை ஓடுகிற மாதிரியே ஒரு இரைச்சல், தினமும் இப்படித்தான், வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் தலையணைக்குள் ஓவர்லாக் மெஷின் ஓடும். கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமி எழுந்து நின்று சொல்லி முடித்திருந்தார். "இதுல பேசறதுக்கு என்னங்க இருக்குது? ஆடர் பாதியில நிக்குது. மாசம் பொறந்தா ஆளு மாத்தோணும்னு கல்லுலயா வெட்டி வெச்சிருக்குது? தவமணியே இருந்துட்டுப் போகட்டும். மொற வெக்கறதெல்லாம் இதோட நிறுத்திக்கலாமுங்க." பக்கத்தில் சௌந்தரி, "நானும் அதேதேன். தவமணி இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாள். செக்கிங் நூர்ஜகான் கெட்டிலைத் தூக்கிக்கொண்டே, "சரி, மொதல்ல டீயக் குடிங்க. வேலுண்ணே, உங்க கை இப்பவே பாதி தூக்கிட்டு நிக்குது, எறக்குங்க, வலிக்கப் போகுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லோரும் தவமணியைப் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒருத்தர் சூப்பர்வைசராக இருக்கிற முறையில் இந்த மாத முறைக்காரி அவள்தான், கூட்டத்தை நடத்தி, கைகளை எண்ணிச் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

எனக்கு வேண்டாம் என்று தவமணி சொன்னால் முடிந்தது. இரண்டே வார்த்தை. டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், டீ கையில் வருவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம், வேலுச்சாமியண்ணன் வாயைத் திறந்தபோதே கையை அசைத்து உக்காருங்கண்ணா என்றிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பெரிய மனிதர், பேசி முடிக்கட்டும் என்று விட்டேன். பொய். கேட்க நன்றாக இருந்தது, அதுதான் நிஜம். தவமணியே இருக்கட்டும் என்று அவர் சொன்னபோது வயிற்றுக்குள் சூடாக ஏதோ இறங்கியது, நோம்பிக்கு முதல் பலகாரம் வாயில் போட்ட மாதிரி. போன மாதம் வரைக்கும் அவள் ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தாள், அதற்கு முன்னால் எத்தனையோ வருஷமாகவும் அதே ஓவர்லாக். கழுத்துக்குப் பின்னால், முதுகு ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு எரிச்சல் உண்டு. குனிந்தால் எரியும், நிமிர்ந்தால் இழுக்கும், ராத்திரி புரண்டால் குத்தும். ஆஸ்பத்திரியில் ஒருத்தர் பெல்ட் போடச் சொன்னார், இன்னொருத்தர் வேலையை விடச் சொன்னார், என்னவோ வீட்டில் அண்டா நிறைய அரிசி கொட்டிக் கிடக்கிற மாதிரி. முறைக்காரி ஆன இந்த மாதம் முழுக்க நடைதான். கட்டிங்கிலிருந்து தையல் மெஷின்கள் வரிசையாக நிற்கிற பவர் டேபிள், பவர் டேபிளிலிருந்து செக்கிங், செக்கிங்கிலிருந்து அயர்னிங், பண்டல் போய்ச் சேர்ந்ததா, நூல் தீர்ந்ததா, யார் மெஷினில் ஊசி உடைந்தது என்று நடந்துகொண்டே இருப்பது. எரிச்சல் எப்போது போனதென்றே அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் தலை பின்னும்போது கை தானாக மேலே போயிற்று, வலிக்கவில்லை, சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். வலிக்காதபோதுதான் அது எத்தனை வருஷமாக வலித்திருக்கிறது என்று தெரிகிறது. திங்கட்கிழமை மறுபடியும் அந்த ஸ்டூல். மறுபடியும் குனிவது. ஒரு மனுஷி தன் கழுத்து வலிக்கக் கூடாதென்று நினைப்பது தப்பா? இல்லை, தப்பில்லை. ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்கிற எல்லோருக்கும் கழுத்து இருக்கிறது, அதற்காகத்தானே முறையே வைத்தது. முறை வைத்தால் எல்லோருக்கும் ஒரு மாதமாவது நிமிர்ந்து நிற்கக் கிடைக்கும் என்று சொன்னதும் இதே வாய்தானே.

இதே வாய்தான். நல்ல வாய். போன வாரம் இதே வாய்தான் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பார்த்து 'பேசறதுக்கா வந்தீங்க' என்றது. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள், பின்னால் முதலாளி நிற்கிறாரோ என்று. குரல் அப்படியே அவர் குரல், அந்தக் கடைசி இழுப்பு உட்பட. அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷனுக்கு எதிராக வாசலில் நின்று கத்தின பெண்கள்தான் இரண்டு பேரும். எதிர்த்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில், குனிந்த அந்தத் தலைகளைப் பார்த்த நேரத்தில், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் சாயப்பட்டறையிலிருந்து வந்து, கால் விரலிடுக்கில் நீலம் நீலமாக ஒட்டிக்கொண்டிருக்க, 'என்னங்க சூப்பர்வைசரம்மா, எங்களுக்கெல்லாம் சோறு உண்டுங்களா' என்று கிண்டல் பண்ணுகிறார். கிண்டல்தான், ஆனால் அதற்குள் ஒரு மரியாதையும் இருக்கிறது, முன்னே எல்லாம் தட்டை நகர்த்துவதோடு சரி. முதலாளி உட்கார்ந்திருந்த கண்ணாடி ரூமின் சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. அந்த ரூமில் உட்காரக்கூடாதென்று சட்டம் ஒன்றுமில்லை, நூல் பெட்டி வைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் நூல் எடுக்கப் போனவள் சும்மா அங்கே கிடந்த முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து கண்ணாடி வழியாக வரிசை வரிசையாக எல்லோருடைய முதுகையும் பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் யாருக்கும் முகமே இல்லை என்று நினைத்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள். எழுந்து வந்துவிட்டாள்தான். ஆனால் மறுநாளும் நூல் எடுக்க அவளேதான் போனாள், வேறு யாரையும் அனுப்பவில்லை.

நூர்ஜகான் டீ நீட்டினாள். பேப்பர் கப். சூடு விரலில் சுரீரென்று ஏறியது, கப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். அடுத்த முறை யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசியில் பேர் எடுப்பார்கள். சைஸ் லேபிள் மிச்சம் மீதி கிடக்குமே, அதன் பின்பக்கம் பேனாவால் பேர் எழுதிக் குலுக்கி, சின்னப் பெண் யாராவது ஒருத்தி கண்ணை மூடி எடுப்பாள், வந்தவரின் லேபிள் அதற்கப்புறம் குலுக்கலில் சேராது, இப்படியே எல்லோருக்கும் வந்து முடிய வேண்டும். நேற்று எடுத்தபோது வந்த பேர் வளர்மதி. கைமடி வளர்மதி. தைத்து விழுகிற பீஸை எடுத்து அடுக்கி, பிசிறு வெட்டி, அடுத்த டேபிளுக்குக் கொடுக்கிற வேலை அவளுக்கு. பழைய கம்பெனியில் எத்தனை வருஷமிருந்தாலும் அவளை ஒரு மெஷினில் உட்கார வைத்ததில்லை, இங்கே வந்துதான் சிங்கர் மெஷினில் தைக்கப் பழகியிருக்கிறாள். பேரைப் படித்தபோது நேற்று ஒரு சத்தமும் வரவில்லை. போன மாதம் தவமணி என்று வந்தபோது விசில் அடித்தார்கள், அதற்கு முந்தின மாதம் சௌந்தரி என்று வந்தபோது, ஐயோ செத்தோம் என்று கத்திச் சிரித்தார்கள். நேற்று யாரோ இருமினார்கள். ஃபேன் சுற்றியது. வேலுச்சாமியண்ணன் கத்தரியைத் துடைத்தார், துடைத்த கத்தரியை மறுபடியும் துடைத்தார். இன்றைக்கு ஆர்டர் பாதியில் நிற்கிறது என்கிறார்கள். ஆர்டர் எப்போது பாதியில் நிற்கவில்லை? சௌந்தரிக்கு முறை வந்த மாதமும் ஒரு ஷிப்மெண்ட் கழுத்தில் உட்கார்ந்திருந்தது, அவள் கலர் மாற்றிப் பண்டல் கட்டி, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பிரித்துக் கட்டினார்கள், திட்டிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். அப்போது யாரும் முறையை நிறுத்தலாம் என்று எழுந்து நிற்கவில்லை.

இது அதுதானா? அது என்று வாய்க்குள் கூடச் சொல்ல வரமாட்டேன் என்கிறது. இல்லை, அப்படி இருக்காது, வேலுச்சாமியண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை, வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களில் வளர்மதியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றதும் வண்டியில் வைத்துக்கொண்டு போனவர் அவர்தான். சௌந்தரியும் அப்படி இல்லை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவள், பிழைக்க வந்த இடத்தில் இதெல்லாம் ஏது, ஒரே வேனில் இடித்துக்கொண்டு வருகிறோம், ஒரே பாத்ரூம், ஒரே ஹால். ஆமாம், ஒரே டீ. ஒரே டீதான், ஆனால் கப்பு? தவமணி கையிலிருந்த பேப்பர் கப்பைப் பார்த்தாள். இது எப்போது வந்தது? சங்கம் ஆரம்பித்தபோது எவர்சில்வர் டம்ளர் வாங்கினார்கள், சங்கத்தின் பேரை அடியில் வெட்டி, பெருமையாக. டம்ளர் கழுவுவதும் முறைதான், வாரத்துக்கு ஒருத்தர். வளர்மதி கழுவுகிற வாரம் வந்தது. அந்த வாரம்தான், அல்லது அதற்கு அடுத்த வாரம், யாரோ பேப்பர் கப் சுத்தம், சளி காய்ச்சல் பரவாது என்றார்கள். டீ குடித்தார்கள். கை தூக்கினார்கள். எல்லோரும் தூக்கினார்கள், தவமணியும் தூக்கினாள், ஏன், சந்தோஷமாகத்தான் தூக்கினாள், கழுவுகிற வேலை மிச்சம் என்று. வளர்மதி? வளர்மதி தூக்கினாளா? ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. யோசித்து யோசித்துப் பார்க்கிறாள், அந்தக் கூட்டத்தில் வளர்மதி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்றுகூட நினைவில்லை. சட்டப்படி நடந்த ஓட்டு. ஒருத்தரும் ஒருத்தரையும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. முதலாளி இருந்தபோது இதைச் செய்திருந்தால் அவர் தலையில் போட்டிருக்கலாம், அந்த ஆள் அப்படித்தான், ஈவு இரக்கமில்லாதவன் என்று. இப்போது யார் தலையில் போடுவது?  சளி காய்ச்சல்தான் காரணமோ என்னவோ, நானாக எதையோ கோத்துக்கொள்கிறேனோ என்னவோ. தவமணிக்கு இப்படி ஒரு குணம், நன்றாக இருப்பதையும் நூல் பிரித்துப் பார்ப்பாள், தையல் விட்டுப் போகும்.

போன மாதம் காலேஜ் பெண்கள் வந்தார்கள், பை நிறையக் கேள்விகளோடு. முதலாளி இல்லாத கம்பெனியைப் பார்க்க வேண்டுமாம். ஒருத்தி கண்ணாடி போட்டவள், 'உங்களுக்குள்ள அதிகாரத்தை எப்படிப் பகிர்ந்துக்கறீங்க' என்றாள். தவமணிக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் வெகு ஜோராகச் சொன்னாள், 'மொற வெச்சுங்க கண்ணு. இங்க யாரு மொதலாளின்னு கேட்டா எல்லாருந்தான் கை தூக்குவோம்.' அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள், இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ஃபோனில் வேறு பிடித்துக்கொண்டாள். போகும்போது எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம். அந்தப் படம் தவமணியின் ஃபோனிலும் இருக்கிறது. நடுவில் தவமணி, பக்கத்தில் சௌந்தரி தோளில் கை போட்டு, வேலுச்சாமியண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு. வளர்மதி ஓரத்தில், பாதி முகம்தான் விழுந்திருக்கிறது, அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். படம் எடுத்தவள் சரியாக எடுக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தாள். எல்லோரும் நல்லவர்கள், அதுதான் இதில் எரிச்சலே. கெட்டவன் ஒருத்தன் இருந்தால் வாசலில் உட்கார்ந்து கத்தலாம், போர்டு எழுதலாம், லேபர் ஆபீசில் மனு கொடுக்கலாம். நல்லவர்கள் பாசமாக உன்னைத் தூக்கி உட்கார வைக்கிறபோது எந்த ஆபீசுக்குப் போவது? நல்லா நடத்தறவங்க நடத்தட்டுமே, அதிலென்ன தப்பு என்று ஒரு மனசு கேட்கிறது. நியாயமான கேள்விதான். எல்லா முதலாளியும் முதலில் அப்படித்தானே ஆரம்பித்திருப்பான், நல்லா நடத்தறேன் நானே நடத்தறேன் என்று, அப்புறம் அவன் மகன், அப்புறம் அவன் மருமகன். நான் அப்படி இல்லையே. நீ அப்படி இல்லாமல் வேறெப்படி? இன்றைக்குச் சாவி, நாளைக்கு நாற்காலி. சரி, அப்படியென்றால் எழுந்து சொல், எனக்கு வேண்டாம் என்று சொல். சொன்னால் என்ன ஆகும்? வேலுச்சாமியண்ணன் முகம் சுருங்கும். சௌந்தரி வேனில் பேசாமல் வருவாள். அப்புறம் வேறு யாரையாவது நிற்க வைப்பார்கள், சௌந்தரியையே மறுபடி நிற்க வைப்பார்கள், ஆக நான் வேண்டாமென்று சொல்லி வளர்மதிக்கு என்ன லாபம்? என் கழுத்துதான் போகும். பார், சுற்றிச் சுற்றி மறுபடி கழுத்துக்கே வந்து நிற்கிறது.

எதிரே அயர்னிங் டேபிள் காலில் சாய்ந்து வளர்மதி உட்கார்ந்திருந்தாள். டீயை வேகமாகக் குடித்துவிட்டாள் போலிருக்கிறது, காலிக் கப்பைக் கசக்காமல் மடியில் வைத்திருந்தாள். புடவை புதுசு. இன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை, புதுசு கட்டிக்கொண்டு வருவதற்கு. நேற்று பேர் வந்தது, இன்றைக்குப் புதுசு. அவள் வீட்டிலும் யாராவது கிண்டல் பண்ணியிருப்பார்கள், என்னங்க சூப்பர்வைசரம்மா என்று. தவமணி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் சௌந்தரி இருந்தாள். சௌந்தரி நகர்ந்து வந்து காதுக்குள், "என்னத்தடி இப்படி யோசிக்கிற? பேயறைஞ்ச மாதிரி இருக்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல. எதுக்கு இப்ப மொறைய நிறுத்தோணுங்கறீங்க?"

"ஏன், உனக்குப் பிடிக்கலையா?"

"அதக் கேக்கல."

"ஒழுங்கா ஓடுற வண்டிய எதுக்கு நிப்பாட்டிக் கழட்டணும்ங்கிறேன். நீ நல்லாப் பாக்குற. எங்களுக்கும் சங்கடமில்ல."

"என்ன சங்கடம்?"

சௌந்தரி கப்புக்குள் பார்த்தாள். "சங்கடம்னா சங்கடந்தான். ஒனக்குத் தெரியாதாக்கும். டீயக் குடி, ஆடை படியுது."

ஒனக்குத் தெரியாதாக்கும். தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும், வளர்மதிக்கு இதெல்லாம் எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். இத்தனை தெரிந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஷிப்மெண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். சௌந்தரியின் தோள் அவள் தோளில் இடித்தது, வாசலில் உட்கார்ந்திருந்த மழை நாட்களில் ஒரே தார்ப்பாய்க்குள் இப்படித்தான் இடித்துக்கொண்டு கிடந்தார்கள், போலீஸ் வந்தபோது சௌந்தரிதான் முதலில் எழுந்து நின்றாள், 'எங்க கைய ஒடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்கய்யா மெஷின' என்று. அந்தச் சௌந்தரிதான் இவள். இரண்டு பேரும் ஒருத்தியே. ஒருத்தி நிஜம், இன்னொருத்தி பொய் என்றால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். ஆடை படிந்த டீயை ஒரே மடக்கில் குடித்தாள். நூர்ஜகான் கப்புகளை வாளியில் வாங்கிக்கொண்டே வந்தாள். "ஆச்சா எல்லாருக்கும்? ஆச்சுன்னா தவமணி, ஆரம்பி தாயி. வேலுண்ணே கை மரத்துப் போச்சு."

தவமணி எழுந்து நின்றாள். எழும்போதுகூடச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தாள், வந்தது பழக்கமான வார்த்தைதான். "வேலுச்சாமியண்ணன் சொன்னதுக்கு ஒத்துக்கறவங்க கை தூக்குங்க." தூக்கினார்கள். வேலுச்சாமியண்ணன் கை எல்லாவற்றுக்கும் மேலே. சௌந்தரி கை, நூர்ஜகான் வாளியைப் பிடிக்காத கை, பவர் டேபிள்காரர்கள், அயர்னிங்காரர்கள், பஞ்சு ஒட்டிய கைகள், சாயம் ஏறிய நகங்கள், எல்லாம் அவளுக்காக, அவள் மேலே உள்ள பாசத்தில். கண் கரித்தது. இடது பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள், விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு, அயர்னிங் டேபிள் வரைக்கும் வந்து விரல் நின்றுவிட்டது. வளர்மதியும் தூக்கியிருந்தாள். முழங்கையை மடக்காமல், நேராக. புதுப்புடவையின் முந்தானை தோளிலிருந்து சரிந்ததை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்குப் புள்ள தூக்கற?"

"ஒத்துக்கறவங்க தூக்கச் சொன்னீங்க."

"ஒன் மொறைய நிறுத்தறதுக்கு நீயே ஒத்துக்கறயா? எறக்கு கைய."

சடாரென்று இறங்கியது கை. சுவிட்சை அணைத்த மாதிரி. ஹாலில் யாரோ நெளிந்தார்கள். தவமணியின் காதுக்குள் தன் குரலே இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது, எறக்கு கைய, நல்லது செய்யப் போன வார்த்தை, அதிகாரத்தில்தான் வெளியே வந்திருக்கிறது. வளர்மதி மடியைப் பார்த்தாள். பிறகு கையை மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை மெதுவாக.

"நான் யோசிச்சுத்தானுங்க்கா தூக்கறேன். டீ நேரம் எனக்குந்தானுங்களே." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். "எம் பேரு வந்திருக்குதுன்னு நேத்துப் படிச்சீங்க. இன்னிக்கு அண்ணன் எந்திரிச்சுப் பேசறாரு, ஒருத்தரும் எம் பேரச் சொல்லுல. சொல்லாமயே என்னையக் கழிச்சுட்டாங்க. நீங்களாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன். டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. அப்பறம் திங்கக்கெழம நான் போயி யாரு முன்னால நிக்கறது? நான் நூல் எடுத்துக் குடுங்கன்னா யாரு எந்திரிப்பா? அதுக்கு நானே கை தூக்கிட்டுப் போறேன். கழிச்சாங்கங்கறதுக்குப் பதிலா நானே விட்டுக் குடுத்தேன்னு இருக்கட்டும்."

வேலுச்சாமி தொண்டையைக் கனைத்தார். "அட, இதென்ன புள்ள, ஷிப்மெண்டுக்காகச் சொன்னதப் போயி…"

"ஷிப்மெண்டு எல்லா மாசமும் இருக்குதுங்கண்ணா" என்றாள் தவமணி. இப்போது அவளுக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை, யோசிக்காத இடத்திலிருந்து வந்தது. "எனக்கு இந்த வேல வேணும். வேண்டான்னு சொல்லலாம்னு டீ முழுக்கப் பாத்தேன், வாய் வருல. கழுத்து வலிக்கல, எல்லாரும் சொன்ன பேச்சுக் கேக்கறீங்க, நல்லா இருக்குது. அவ பேரு வந்ததும் நீங்க இப்படித்தான் பண்ணுவீங்கன்னு எனக்கு நேத்தே உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். என்ற லட்சணம் இது. உங்குளுது என்னன்னு சொல்லுங்க. கை தூக்கினவங்க யாராச்சும் ஒருத்தர், ஆடர் ஷிப்மெண்டுன்னு இல்லாம, நெசத்த வாயால சொல்லுங்க. கேட்டுட்டு எண்ணறேன்."

 கைகளை இறக்குவதா, வைத்திருப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை, சில இறங்கின, சில தலையைச் சொறிவது போலத் தலையிலேயே நின்றன. நூர்ஜகான் வாளியைக் கீழே வைத்தாள், "நான் யோசிக்காமத்தான் தூக்குனேன், எல்லாரும் தூக்குறாங்கன்னு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெளியே தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வருகிற சத்தம். தவமணிக்குப் பயம் வந்தது, சாதாரணப் பயம், நாளைக்கு இத்தனை பேரும் வருவார்களா, மெஷின் ஓடுமா, இத்தனை கஷ்டப்பட்டுக் கட்டினதை ஒரு மத்தியானத்தில் நானே பிரித்துப் போட்டுவிட்டேனா என்று. அப்போது சௌந்தரி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. போலீஸ் முன்னால் எழுந்தாளே, அதே எழுந்திருப்பு.

"என்னத்தச் சொல்லணும்ங்கிற? நான் சொல்றேன். அவ சொல்லி நான் செய்யிறதுக்கு எனக்குக் கூசுது. எங்க ஊர்ல அவுக ஆளுக எங்க வாசல்ல நிப்பாக, நாங்க சொல்லுவோம். அப்படியே வளந்துட்டேன். பக்கத்துல உக்காந்து வேல செய்யிறேன், கூட நின்னு அடி வாங்குனேன், அதெல்லாம் செய்ய முடிஞ்சது. அவ எம் மெஷினுக்குப் பின்னால வந்து நின்னு, அத இப்படிச் செய்யின்னா, எனக்கு முதுகு கூசுது. போதுமா? இதத்தானே கேட்ட? நான் ஒருத்தி மட்டுந்தேன்னு நெனைக்காத." சொல்லி முடித்துவிட்டு, உட்காரவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல், புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

தவமணி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தானே. யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை, எல்லோருடைய கண்ணும் வேறு பக்கம் போயிருந்தது. வளர்மதி டேபிள் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, சௌந்தரிக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க்கா" என்றாள். "இப்பத்தான் ஒருத்தர் பேசியிருக்கறீங்க. கூசுதுன்னா திங்கக்கெழம என்ன பண்ணலாம், சொல்லுங்க. எனக்கும் சொல்றதுக்கு நெறைய இருக்குது."

சௌந்தரி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். பிறகு உட்கார்ந்தாள்.